பிள்ளைகள் பெருநகரத்தில், பயம் யாழ்ப்பாணத்தில்: குண்டுத் தாக்குதல் பயம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு ஒரே மாதிரியான கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அறை எடுத்து வேலைக்குப் போகும் பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களை அனுப்பிவிட்டு இங்கே இருக்கும் தாய் தகப்பன் கேட்கிறார்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டன், பரிஸ், ரொறன்ரோவில் இருந்து வந்து போகிறவர்களும் கேட்கிறார்கள். கேள்விகளை அவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். பயம் முழுதாகப் போன பிறகுதான் வெளியே இறங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம், பயம் கூட இருக்கும்போதே போய் வரலாம் என்பது என் உறுதியான எண்ணம். பதில்கள் எல்லாம் அதைச் சுற்றித்தான் போகும்.

மகள் கொழும்புக்கு வேலைக்குப் போனதில இருந்து எனக்கு நித்திரை இல்லை. இது ஒரு வருத்தமோ?

பெரும்பாலும் இல்லை. ஊரில் ஒரு பெரிய தாக்குதல் நடந்தால் அந்த ஊரில் இருப்பவர்களும், அங்கே பிள்ளை இருப்பவர்களும் கொஞ்ச நாள் கலங்கித்தான் போவார்கள். 2005 யூலை 7ஆம் திகதி லண்டனில் மூன்று சுரங்க ரயில்களிலும் ஒரு பஸ்ஸிலும் குண்டு வெடித்து 52 பேர் இறந்தார்கள். இரண்டு கிழமைக்குள் லண்டன்வாசிகளிடம் தொலைபேசியில் விசாரித்தபோது, ஏறக்குறைய நூற்றுக்கு 31 பேர் கடுமையான மனஅழுத்தம் இருப்பதாகச் சொன்னார்கள். ஏழு மாதம் கழித்துத் திரும்ப விசாரித்தபோது அது 11 ஆகக் குறைந்திருந்தது. பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே தணிகிறது.

தணியாமல் நிற்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. நித்திரை, சாப்பாடு, வேலை, வீட்டு அலுவல் இவற்றில் ஏதாவது ஒன்று ஒரு மாதத்துக்கு மேல் குழம்பிக் கிடந்தால் அப்போது உதவி தேட வேண்டும். எங்கே, யாரிடம் என்பதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

உண்மையா எவ்வளவு ஆபத்து இருக்கு? கணக்கைச் சொல்லுங்கோ.

இலங்கையில் வீதி விபத்துகளில் மட்டும் ஒவ்வொரு வருடமும் 2,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். உயிர்த்த ஞாயிறு அன்று இறந்தவர்கள் 260 பேருக்கு மேல். அந்த ஒரு நாள் எவ்வளவு கொடியது என்பதை இந்தக் கணக்கு குறைத்துவிடாது. ஆனால் கொழும்பில் இருக்கும் உங்கள் பிள்ளைக்கு நாளாந்தம் இருக்கும் ஆபத்தில் முதல் இடம் வீதிக்குத்தான்.

பயம் சில நேரம் ஆபத்தை இடம் மாற்றியும் விடும். 2001 செப்டெம்பர் 11க்குப் பிறகு அமெரிக்காவில் நிறையப் பேர் விமானத்துக்குப் பயந்து தூரப் பயணங்களுக்கும் காரில் போனார்கள். அடுத்த ஒரு வருடத்தில் அதனால் மட்டும் சுமார் 1,500 பேர் வீதியில் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று ஜேர்மனிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் கணக்கிட்டார். மகனை ரயிலில் ஏறாதே என்று சொல்லி மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுக்கும் பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கணக்கு எல்லாம் விளங்குது. ஆனா நெஞ்சு கேக்குதில்லையே?

கேட்காது. கணக்கை ஒரு முறை சொன்னால் போதும், அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி யாரையும் அமைதிப்படுத்த முடியாது. கண்ணால் பார்த்த, படமாக மனதில் நிற்கிற விஷயத்தை அடிக்கடி நடப்பதாக மனம் எடுத்துக்கொள்கிறது. கூரை பிய்ந்த தேவாலயத்தின் படம் எல்லோர் மனதிலும் இருக்கிறது. வீதியில் ஒவ்வொருவராக இறந்தவர்களின் படம் அப்படி ஒன்றாகச் சேர்ந்து நிற்பதில்லை.

அதனால் நெஞ்சோடு வாதாடுவதை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளே எடுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுவது. ஐந்து நிமிடம் போதும். வெளியே விடும் மூச்சு நீளமாக இருந்தால் நெஞ்சுத் துடிப்பு இறங்கும். கிணற்றடியில் நின்றும் செய்யலாம், பஸ்ஸில் இருந்தும் செய்யலாம். பதற்றம் இல்லாத நேரத்திலும் பழக வேண்டும், அப்போதுதான் பதற்றம் வரும்போது கை கொடுக்கும்.

சண்டைக் காலத்தில செல், பொம்மர் எல்லாம் பார்த்த ஆக்கள் நாங்கள். இப்ப ஏன் இதுக்கு இப்பிடி நடுங்குது?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான், அதுவும் ஐம்பது வயது தாண்டியவர்களிடம் இருந்து. கேட்கும்போது அவர்கள் முகத்தில் ஒரு வெட்கம் தெரியும். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அந்தக் காலத்தில் ஆபத்து பெரிது, ஆனால் அதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. சத்தத்தை வைத்தே வரும் விமானம் சகடையா, புக்காராவா, கிபீரா என்று பிள்ளைகளுக்கும் தெரியும். செல் குத்தும் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடலாம். பக்கத்து வீட்டுக்காரரும் அங்கே இருப்பார்கள். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்தில் இருந்து தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து நடந்தபோதுகூட ஊரே ஒன்றாக நடந்தது. இப்போது ஆபத்து எங்கே, எப்போது என்று தெரியாது. பிள்ளை தனியே எங்கேயோ இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது ஒரு போன் மட்டும். செய்வதற்கு ஒன்றும் இல்லாதபோது பயம் கூடத்தான் செய்யும்.

இன்னொன்றும் இருக்கிறது. உடம்பு பழையதை மறப்பதில்லை. 1995 யூலை 9 அன்று நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதை அறிந்தவர்களுக்கு, 2019இல் பூசைக்குப் போன சனம் தேவாலயத்துக்குள்ளேயே இறந்த செய்தி புதுச் செய்தியாக மட்டும் போய்ச் சேரவில்லை. ஹெலிகொப்ரர் சத்தம், கோயில் வெடி, யூலை மாதம், ஒக்டோபர் கடைசி என்று உங்களை எது உலுப்புகிறது என்று ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். எது வரப்போகிறது என்று தெரிந்தால் அந்த நாட்களில் தனியே இருக்காமல் பார்த்துக்கொள்ளலாம்.

ஏதாவது நடந்தா ரிவிக்கு முன்னால இருந்து எழும்பேலாமக் கிடக்கு. பார்க்காமலும் இருக்கேலாது. என்ன செய்ய?

2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பொஸ்ரன் மரதன் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. அடுத்த கிழமை முழுதும் ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலத்துக்கு மேல் அந்தச் செய்தியையே பார்த்தவர்களிடம், குண்டு வெடித்த இடத்தில் நின்றவர்களைவிடக் கூடுதலான மனஅழுத்த அறிகுறிகள் இருந்தன என்று 2014இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. செய்தியை அறிவது வேறு, அதற்குள் குடியிருப்பது வேறு.

காலையில் ஒரு முறை, பின்னேரம் ஒரு முறை, ஒவ்வொன்றும் கால் மணித்தியாலம். முடிந்தால் வானொலியில் கேளுங்கள், அல்லது வாசியுங்கள். ஓடும் படத்தைத் தவிர்த்தாலே பாதிப் பாரம் குறையும். படுக்கைக்குப் போக முதல் வேண்டாம். வட்ஸ்அப்பில் வரும் இரத்தக் காட்சிகளைத் திறக்காமல் அழித்துவிடுங்கள், மற்றவருக்கு அனுப்பவும் வேண்டாம். அந்தக் காட்சியில் கிடப்பவர் யாரோ ஒருவரின் பிள்ளை.

ஒரு நாளைக்கு எத்தனை தரம் போன் எடுக்கலாம்?

எண்ணிக்கையைவிட, எதற்காக எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். கதைக்க எடுத்தால் எத்தனை தரமும் எடுக்கலாம். “உயிரோடு இருக்கிறாயா” என்று உறுதிப்படுத்த எடுத்தால், அந்த நிம்மதி அரை மணித்தியாலம்தான் நிற்கும். பிறகு திரும்ப எடுக்கத் தோன்றும். எடுக்க எடுக்க அந்த இடைவெளி சுருங்கும். பிள்ளை வேலையிடக் கூட்டம் ஒன்றில் இருக்கும்போது போனை எடுக்காவிட்டால் அந்த இருபது நிமிடம் நரகமாகிவிடும்.

அதனால் ஒரு நேரத்தைப் பேசி வையுங்கள். இரவு எட்டு மணிக்கு என்றால் எட்டு மணிக்கு. இடையில் எடுக்க மனம் உந்தினால் பத்து நிமிடம் தள்ளிப் போடுங்கள், அடுத்த கிழமை இருபது நிமிடம். முதல் சில நாட்கள் கஷ்டமாகத்தான் இருக்கும்.

அவசர நாளுக்கு வேறு ஏற்பாடு தேவை. லண்டன் தாக்குதல் அன்று உறவினரைப் போனில் பிடிக்க முடியாமல் தவித்தவர்களிடம் மனஅழுத்தம் கூடுதலாக இருந்ததை முதலில் சொன்ன அதே ஆய்வு கண்டது. பெரிய சம்பவம் நடந்தால் இணைப்புகள் நெரிந்துவிடும். உயிர்த்த ஞாயிறு அன்று பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கப்பட்டு, ஒரு கிழமைக்கு மேல் அப்படியே இருந்தன. எனவே இப்போதே பேசி வையுங்கள்: ஏதாவது நடந்தால் பிள்ளை “நான் சுகம்” என்று ஒரு சாதாரண எஸ்எம்எஸ் ஒரே ஒருவருக்கு அனுப்ப வேண்டும். மற்ற எல்லோரும் அந்த ஒருவரைத்தான் கேட்க வேண்டும். அழைப்பு போகாத நேரத்திலும் குறுஞ்செய்தி பல தடவை போய்ச் சேரும். அந்த ஒருவர் அதிகம் பதறாத சித்தப்பாவாகவோ மாமியாகவோ இருக்கட்டும்.

எனக்குப் பயமில்லை. அம்மா அப்பான்ர பயம்தான் என்னைக் கொல்லுது. அவைக்கு என்ன சொல்லுறது?

“சும்மா பயப்படாதேங்கோ” என்று சொல்ல வேண்டாம், அது அவர்கள் பயத்தைத் தனிமைப்படுத்தும். மேலே சண்டைக் காலம் பற்றிய பதிலை வாசித்துப் பாருங்கள். உங்கள் போன் ஓய்ந்த அந்த இருபது நிமிடத்தில் அவர்களுக்கு வருவது இருபது முப்பது வருடத்துப் பழைய பயம். எட்டு மணி அழைப்பை நீங்கள் தவறாமல் எடுங்கள். எங்கே வேலை, எந்த பஸ், கூட யார் இருக்கிறார்கள் என்று ஒரு முறை விவரமாகச் சொல்லுங்கள். ஒரு தடவையாவது அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டினால் இன்னும் நல்லது. தெரியாத இடத்தைவிடக் கண்ட இடம் பயம் குறைவு.

பஸ், ரயில், சனக்கூட்டம் எல்லாத்தையும் தவிர்த்துப்போட்டன். அது புத்திதானே?

முதல் ஓரிரு நாள் புத்திதான். நிலைமை தெரியும் வரை வீட்டில் இருங்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் பயம் வளரத் தொடங்கும். தவிர்க்கும் ஒவ்வொரு முறையும் “போகாததால்தான் தப்பினேன்” என்று மனம் எழுதி வைக்கிறது. முதலில் ரயில், பிறகு சந்தை, பிறகு கோயில். கடைசியில் அறைக் கதவு வரை வந்துவிடும். அப்படி அறைக்குள்ளேயே இருந்து வேலையையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அவர்களை அங்கே திரும்ப அனுப்புவது முதல் நாளே தடுப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

திரும்பிப் போவதைப் படிப்படியாகச் செய்யுங்கள். பம்பலப்பிட்டியில் ஏறி வெள்ளவத்தையில் இறங்கும் ஒரு ஸ்ரேஷன் பயணம், சனம் இல்லாத நேரத்தில், ஒரு சிநேகிதரோடு. அதையே நெஞ்சு பழகும் வரை பல நாள். பிறகு தனியே. பிறகு வேலை விடும் நெரிசலில். ஒவ்வொரு படியிலும் பதற்றம் வரும். அது தானாக இறங்கும் வரை அங்கேயே நிற்பதுதான் மருந்து. பாதியில் இறங்கி ஓடினால் பயம்தான் ஜெயிக்கும்.

கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தை நினைத்துப் பாருங்கள். 2019 ஏப்ரல் 21 அன்று குண்டு வெடித்த அந்த ஆலயம் ஜூன் மாதம், அந்தோனியார் திருநாளை ஒட்டித் திரும்பத் திறக்கப்பட்டது. வாசலில் சோதனை இருந்தது, சனமும் வந்தது. வந்தவர்களுக்குப் பயம் இல்லாமல் இருந்திருக்காது.

ரயிலுக்குள்ள திடீரெண்டு மூச்சு அடைச்சு, கை விறைச்சு, செத்துப்போவன் போல வருது. அது என்ன?

பெரும்பாலும் அது பீதித் தாக்கம். உடம்பு ஆபத்து என்று நினைத்து முழு வேகத்தில் ஓடத் தயாராகிறது, ஓட இடமில்லை. அநேகமாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கிவிடும். அதனால் உயிர் போகாது. அது வரும்போது எதிர்த்துச் சண்டை பிடிக்காதீர்கள். காலை நிலத்தில் நன்றாக ஊன்றி, மேலே சொன்ன நீள மூச்சை எடுங்கள். கண்ணுக்குத் தெரியும் பொருள்கள் ஐந்தின் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

முதல் தடவை வந்தால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டி, இருதயம், தைரொயிட் போன்றவை சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நெஞ்சு நோ இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால் “பயம்தான்” என்று நீங்களே முடிவெடுக்க வேண்டாம். இலங்கையில் 1990 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

உண்மையா ஏதாவது நடந்தா என்ன செய்யிறது? அது தெரிஞ்சாலாவது நிம்மதியா இருக்கும்.

உண்மைதான், செய்ய வேண்டியது தெரிந்தவருக்குப் பதற்றம் குறைவு. பிரித்தானியாவில் பொலிசார் சனத்துக்குச் சொல்லிக்கொடுப்பது மூன்று சொல்: ஓடு, ஒளி, சொல். தப்பி ஓட வழி இருந்தால் சாமானை விட்டுவிட்டு ஓடுங்கள். வழி இல்லாவிட்டால் ஒளிந்து, கதவைப் பூட்டி, போனைச் சத்தமில்லாமல் வையுங்கள். பாதுகாப்பான பிறகு பொலிசுக்குச் சொல்லுங்கள். சரணடையவும் பேரம் பேசவும் போக வேண்டாம்.

குண்டு வெடித்தால் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். இரண்டாவது ஒன்றும் இருக்கலாம் என்பதால் சனம் கூடும் இடத்தில் நின்று பார்க்கவோ படம் எடுக்கவோ கூடாது. லிப்டில் ஏற வேண்டாம், கண்ணாடி யன்னல்களில் இருந்து தள்ளி நில்லுங்கள். காயப்பட்டவருக்கு இரத்தம் ஓடினால் துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள், கையை எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள்.

இலக்கங்களைப் போனில் மட்டும் வைத்திருக்காமல் ஒரு கடதாசியில் எழுதிப் பேர்ஸுக்குள் வையுங்கள்: இலங்கையில் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. பிரித்தானியாவில் 999, ஐரோப்பிய நாடுகளில் 112, கனடாவில் 911, அவுஸ்திரேலியாவில் 000. கூடவே வீட்டு இலக்கம், இரத்த வகை, எடுக்கும் மருந்து. ஒரு மண்டபத்துக்குள்ளோ ஹொட்டலுக்குள்ளோ போனால் வெளியே போகும் வாசல் எங்கே என்று ஒருமுறை பாருங்கள், பார்த்துவிட்டு மறந்துவிடுங்கள். நாள் முழுதும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது பாதுகாப்பாகாது, அதுவும் பயத்தின் வேலைதான்.

பஸ்ஸுக்குள்ள ஆளில்லாத பை ஒண்டு கிடந்தா?

தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். “இது யாருடையது” என்று சத்தமாகக் கேளுங்கள். அநேகமாக யாராவது எழும்பி எடுப்பார்கள். எடுக்காவிட்டால் நடத்துனருக்குச் சொல்லி இறங்கி, தூரப் போய் 119க்கு எடுங்கள். பிறகு அது வெறும் சாப்பாட்டுப் பை என்று தெரிந்தாலும் நீங்கள் செய்தது சரிதான்.

“நாளைக்குக் குண்டு வெடிக்கும், வெளியில போகாதேங்கோ” எண்டு வட்ஸ்அப்பில வருது. நம்புறதோ விடுறதோ?

யார் சொன்னது, எப்போது சொன்னது என்று இல்லாத செய்தியை நம்ப வேண்டாம், பரப்பவும் வேண்டாம். உண்மையான எச்சரிக்கை பொலிசாலோ அரசாங்கத்தாலோ ஒரு பெயரோடும் திகதியோடும் வரும், பத்திரிகைகளிலும் வரும்.

“உயிர்த்த ஞாயிறுக்கு முதல் அரசாங்கத்துக்கே தெரிந்திருந்ததே, சொல்லவில்லையே” என்று கேட்பார்கள். அந்தக் கோபம் நியாயமானது. முன்கூட்டியே தகவல் கிடைத்தும் நடவடிக்கை எடுக்கவில்லை என்று உயர்நீதிமன்றமே 2023 ஜனவரி 12 அன்று தீர்ப்பளித்து, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றது. ஆனால் அரசாங்கம் தவறியது என்பதற்காக, பெயர் இல்லாத வட்ஸ்அப் குரல் உண்மை சொல்கிறது என்று ஆகிவிடாது. லண்டனில் இருப்பவர்கள் அங்கே வெளியிடும் ஐந்து படி அச்சுறுத்தல் நிலையைப் பார்க்கலாம். அது கூடினால் கூடுதல் கவனம் வேண்டும் என்று அர்த்தம். வீட்டுக்குள் இருங்கள் என்று அர்த்தமில்லை.

சின்னப் பிள்ளை கேக்குது, “எங்கட பள்ளிக்கூடத்திலயும் வெடிக்குமோ” எண்டு. என்ன சொல்ல?

முதலில் பிள்ளை எதைக் கேள்விப்பட்டது என்று கேளுங்கள். 2019இல் பைகளைச் சோதித்ததையும், உள்ளே இருப்பது தெரியும் பைகளைக் கொண்டுவரச் சொன்னதையும் பார்த்த பிள்ளைகள், பெரியவர்கள் நினைத்ததைவிட நிறைய யோசித்திருந்தார்கள். பிறகு வயதுக்கு ஏற்ப உண்மையைச் சொல்லுங்கள்: “கெட்ட காரியம் நடந்தது. அப்படி எப்போதும் நடக்காது. உன்னைப் பார்த்துக்கொள்ள ரீச்சர்மாரும் நாங்களும் இருக்கிறோம்.” ஒருபோதும் நடக்காது என்று சத்தியம் செய்ய வேண்டாம்.

படுக்கை நனைத்தல், தாயை விட்டு அகலாமை, வயிற்றுக் குத்து என்று சொல்லிப் பள்ளிக்கூடம் போக மறுத்தல் இவை சில கிழமைக்கு வரலாம். அடிக்காதீர்கள், பகிடி பண்ணாதீர்கள். நித்திரை நேரத்தையும் விளையாட்டு நேரத்தையும் மாற்றாமல் வைத்திருங்கள். ரிவி பற்றி மேலே சொன்னது பிள்ளைகளுக்கு இரண்டு மடங்கு பொருந்தும். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினால், திரும்பத் திரும்ப நடப்பதாகச் சின்னவர்கள் நினைப்பார்கள்.

எங்களுக்குக் குண்டைவிடச் சோதனைக்கும் பிடிக்கிறதுக்கும்தான் பயம். அதையும் இதோட சேர்க்கலாமோ?

சேர்க்கத்தான் வேண்டும். கொழும்பில் தமிழ் ஆள் ஒருவருக்குக் குண்டு வெடித்தால் பயம் இரண்டு. குண்டுக்கு ஒன்று, அதற்குப் பிறகு கதவைத் தட்டுபவர்களுக்கு ஒன்று. 1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் 91 பேர் இறந்தார்கள், 1,400 பேர் அளவில் காயப்பட்டார்கள். அந்த வருடங்களில் கொழும்பில் இருந்த தமிழர்களிடம் கேட்டால், அடுத்த நாள் அடையாள அட்டையோடு நின்ற வரிசைதான் முதலில் வாயில் வரும். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழர்கள் 370 பேருக்கு மேல் பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பப்பட்டார்கள். உயர்நீதிமன்றம் அடுத்த நாளே அதை நிறுத்தியது. இந்தப் பயத்தை “மனப்பிரச்சினை” என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். நடந்ததை நினைத்து வரும் பயம் அது.

இதற்கு மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது, தெரிந்திருக்க வேண்டியவையும் உண்டு. அடையாள அட்டையையும் வேலை அல்லது படிப்புக் கடிதத்தையும் கையில் வைத்திருங்கள். யாரையாவது கொண்டு போனால் எந்தப் பொலிஸ் நிலையம், யார் கொண்டு போனது என்று கேட்டு எழுதி வையுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்தாலும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 48 மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகமும் இருக்கிறது. ஒரு சட்டத்தரணியின் இலக்கத்தையும் அந்தக் கடதாசியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முஸ்லிம் ஆள் ஒருவர் பையோட பக்கத்தில வந்து இருந்தா உள்ளுக்க ஒரு பயம் வருது. சொல்லவே வெக்கமாக் கிடக்கு.

சொன்னது நல்லது. அந்த முதல் நொடிப் பயம் உங்கள் கையில் இல்லை. அடுத்த நொடியில் எழும்பிப் போவதும், முறைத்துப் பார்ப்பதும், பொலிசுக்கு எடுப்பதும் உங்கள் கையில்தான் இருக்கின்றன.

எங்கள் ஆட்கள் பல வருடம் கொழும்பு பஸ்ஸில் வாயைத் திறக்காமல் இருந்தார்கள், தமிழ் கேட்டால் பக்கத்தில் இருப்பவர் நெளிவார் என்று. அது எப்படி வலிக்கும் என்று யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். 2019 மே மாதம் குருநாகல், கம்பஹா மாவட்டங்களில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. லண்டன் ஆய்விலும், தாக்குதலுக்குப் பிறகு கூடுதலான மனஅழுத்தம் இருந்தவர்களில் முஸ்லிம்களும் அடங்குவர். உங்கள் பக்கத்தில் இருப்பவரும் பயந்துகொண்டுதான் இருக்கிறார்.

கவனிக்க வேண்டியது நடத்தையை: ஆளில்லாத பை, வெயிலில் பொருந்தாத கனமான உடுப்பு, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுத்தல். தொப்பியையும் தாடியையும் பர்தாவையும் பார்த்துப் பயப்படுவது யாரையும் காப்பாற்றாது. ஒரு வார்த்தை கதைத்துப் பாருங்கள், “எவ்விடம் இறங்குறியள்” என்று கேட்டாலே போதும்.

நேர்த்தி வைச்சுக் கும்பிட்டாப் போகாதோ? இல்லாட்டி ஒரு நித்திரைக் குளிசை போட்டா?

கும்பிடுங்கள். மனம் ஆறும், கோயிலடியில் நாலு பேரையும் காண்பீர்கள், அதுவும் மருந்துதான். ஆனால் “நேர்த்தி முடியும் வரை பிள்ளை வெளியில் போகக் கூடாது” என்று கட்டினால் அது மேலே சொன்ன தவிர்ப்பாக மாறிவிடும்.

நித்திரைக் குளிசையைப் பக்கத்து வீட்டில் வாங்கிப் போடாதீர்கள். சில வகைக் குளிசைகளை நாள்பட எடுத்தால் விட முடியாமல் போகும். இரவில் குடித்துவிட்டுப் படுப்பதும் அப்படித்தான், விடியற்காலை பதற்றம் இரட்டிப்பாகும்.

அந்த இடத்தில நிண்டு தப்பி வந்த தம்பி ஒண்டும் கதைக்கிறானில்லை. கதைக்கப் பண்ணவேணுமோ?

வற்புறுத்தாதீர்கள். நடந்ததை உடனே முழுதாகச் சொல்லவைத்தால் ஆறிவிடும் என்று முன்பு நினைத்தார்கள். இப்போது உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. அது சொல்லும் உளவியல் முதலுதவி எளிமையானது: என்ன தேவை என்று பார், சொன்னால் கேள், உதவியோடு சேர்த்துவிடு. சாப்பாடு, நித்திரை, கூட ஒரு ஆள். அவன் வாய் திறந்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். “நல்ல வேளை தப்பினாய்” என்று சொல்லாதீர்கள், கூட நின்றவர் தப்பியிருக்காமல் இருக்கலாம்.

எப்ப டொக்டரிட்டப் போகவேணும்? போனா விசர் எண்டு ஊர் சொல்லுமே?

ஒரு மாதத்துக்கு மேலாக இவற்றில் சில இருந்தால் போங்கள்: நடந்தது கண்முன் திரும்ப ஓடுதல், கெட்ட கனவு, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுதல், எல்லாவற்றிலும் இருந்து ஒதுங்குதல், ஒன்றிலும் மனம் ஒட்டாமை. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம்.

யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. சாந்திகம் நிலையத்தில் உளவளத்துணை கிடைக்கும். தேசிய உளநல உதவி இலக்கம் 1926, இரவு பகல் எடுக்கலாம். இப்படியான பாதிப்புகளுக்கு நல்ல பேச்சுச் சிகிச்சைகள் உண்டு, எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது.

ஊர் சொல்லும் என்பது உண்மைதான், அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் போருக்குள்ளேயே யாழ்ப்பாணத்தில் இருந்து உளநல சேவையைக் கட்டியெழுப்பிய தயா சோமசுந்தரம் போன்ற மருத்துவர்களிடம் போனவர்கள் எங்கள் வீட்டாரும் அயலாரும்தான். நீங்கள் போகும் கிளினிக்கில் தெரிந்த முகத்தைக் கண்டால், அவரும் உங்களைப் போலத்தான் வந்திருக்கிறார்.

மகனுக்கு லண்டனில கம்பஸ் கிடைச்சிருக்கு. விடவேண்டாம் எண்டு மனம் சொல்லுது. மறிச்சாப் பிழையோ?

மறிப்பதற்குக் காசு, படிப்பின் தரம், அவனுடைய விருப்பம் என்று நியாயமான காரணங்கள் இருக்கலாம். அவற்றை ஒரு பக்கம் எழுதுங்கள். மற்றப் பக்கத்தில் “குண்டு வெடிக்கும் என்ற பயம்” என்று மட்டும் எழுதுங்கள். முதல் பக்கம் காலியாக இருந்து இரண்டாவது பக்கம் மட்டும் மிஞ்சினால், மறிக்க வேண்டாம் என்பது என் கருத்து. பாதுகாப்பான ஊர் என்று ஒன்று இல்லை என்பது எங்களுக்குத் தெரியாததா? அவனை இங்கே வைத்திருந்தாலும் உங்கள் பயம் அவன் போகும் மோட்டார் சைக்கிளுக்கு மாறும்.

விடுவதென்றால், போவதற்கு முதல் ஒரு பின்னேரம் மகனோடு இருந்து மூன்றை முடித்துவிடுங்கள். கதைக்கும் நேரம் எது, அவசரத்துக்குச் செய்தி அனுப்பும் அந்த ஒருவர் யார், பேர்ஸுக்குள் வைக்கும் கடதாசியில் என்னென்ன இருக்க வேண்டும். லண்டனுக்கும் எங்களுக்கும் கோடையில் நாலரை மணித்தியாலம், குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியால வித்தியாசம் என்பதையும் அதில் எழுதுங்கள், அவன் நித்திரையில் போனை எடுக்காததற்கு நீங்கள் விடியும் வரை முழித்திருக்காமல்.